ஏழு முதுகுகள்

ஜமாலியாவில், டயர் கடை மாடியில்
கிளப்பின் ஒற்றை அறை.
மேசையில் ஒரு தாள், ஏழு பெயர்,
ஏழும் பின்வரிசை.
வெள்ளிக்கிழமையோடு லீக் பதிவு முடிகிறது.
"நாலு பேரை வெச்சுக்கலாம்" என்கிறார்
செயலாளர் துளசிங்கம்.
"முன்னாடி ஆட ரெண்டு பேரை எடுத்திருக்கோம்,
அவங்க ரூம் வாடகை, சாப்பாடு,
நான் எங்க போறது?"
கோல் போடுகிறவனுக்குப் பணம் தர
யாராவது ஒரு முதலாளி வந்துவிடுகிறார்.
தடுக்கிறவனுக்கு நாங்கள்தான்.

போன மாதம் கையுறையைக் கழற்றினேன்.
இந்த மாதம் கையில் பேனா.

பதினோரு வருஷம் கோலுக்குள் நின்றவன் நான்.
இவர்களை முகமாகத் தெரியாது எனக்கு.
டீக்கடையில் தெரியும், இருபத்தொன்பது சி பஸ்ஸில் தெரியும்,
ஆட்டத்தில் தெரிந்ததெல்லாம்
முதுகு.

எபிநேசரின் முதுகு
பந்து வருமுன்னே இடப்பக்கம் சாயும்,
அதை வைத்தே நான் ஓரடி வலம் நகர்வேன்.
ஜாபரின் சட்டை
முதல் பத்து நிமிஷத்தில் முதுகோடு ஒட்டிவிடும்,
மார்கழியிலும்.
இம்பாலிலிருந்து வந்த இபோம்சா
வியாசர்பாடிப் பையன்களிடம் கற்ற ஒரே தமிழில்
"ஏறு ஏறு" என்று கத்துவான்;
கோபம் வந்தாலும் அதே ஏறுதான்.
லூர்துராஜ் ஐசிஎஃப் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறான்,
கிளப் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.
இன்னும் இருவர் சின்னப் பையன்கள்,
முதுகென்று சொல்ல ஒன்றும் வளரவில்லை,
ஆனால் ஓடுகிறார்கள்.
ஓடுகிறவர்களை விடமாட்டார் துளசிங்கம்.

ஏழாவது பெயர் கஜபதி.
முப்பத்திரண்டு வயது.
மூலக்கடை லாரி ஆபீஸில் ராத்திரி வேலை,
விடிந்ததும் நேரே மைதானம்.
கார்னர் வந்தால்
திரும்பாமல் ஒரு கையைப் பின்னால் நீட்டி
என் வயிற்றைத் தொடுவான்,
இருக்கிறேனா என்று.
அவ்வளவுதான். பிறகு பந்து.

துளசிங்கத்தின் நோட்டில்
விட்ட கோல் பத்தொன்பதுக்கும் கட்டம் உண்டு:
தேதி, நிமிஷம், யாரால்.
ஐந்து இடத்தில் கஜபதி.
ஆகஸ்டில் எழும்பூரில் ஆடியது அதில் இல்லை.
மழை. அறுபத்து நாலாவது நிமிஷம்.
எதிரணிப் பையன் தலையை நிமிர்த்தினான்,
கஜபதி நிற்கும் இடத்தைப் பார்த்தான்,
பந்தைப் பின்னால் தள்ளிவிட்டான்.
ஒன்றும் நடக்கவில்லை.
கைதட்ட யாருமில்லை, குடைக்குள் நாலு பேர்.
நடக்காததை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்
என்று கேட்டேன்.
"மணியாகுது, கையெழுத்தப் போடு" என்றார்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம்.
அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது.
"விடு, என்னுது" என்று நான் கத்தியிருக்க வேண்டும்.
கத்தவில்லை.
பந்து எங்கள் இருவருக்கும் நடுவே
வீட்டுக்காரன் மாதிரி நிதானமாக உள்ளே போனது.
கஜபதி கையைத் தூக்கி
தன் தப்பென்று பெஞ்சுக்குக் காட்டினான்.
நான் குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்தேன்.
இப்போதும் குனிந்துதான் இருக்கிறேன்.

எபிநேசர், லூர்து, சின்னவர் இருவர்.
நாலு.
இபோம்சாவுக்கு ரயில் டிக்கெட்,
ஜாபருக்கு ஒரு மாதப் பணம்.
கஜபதியை உள்ளே கூப்பிட்டோம்.

எதிரே உட்கார்ந்தான்.
இவ்வளவு கிட்டத்தில் அந்த முகம்.
வலப்புருவத்தில் தையல் தழும்பு,
எந்த ஆட்டத்தில் என்று எனக்குத் தெரியாது.
என் முன்னால் நின்று வாங்கியதாகத்தான் இருக்கும்.
துளசிங்கம் பேசினார்.
கீழே காற்றடிக்கும் மிஷின் ஓடியது,
பாதி வார்த்தை அவனுக்குக் கேட்டிருக்காது.
"சரி சார்" என்றான்.
பூட்ஸ் பையைத் தோளில் மாட்டி எழுந்து நடந்தான்.
அப்போதுதான் அவனை அடையாளம் தெரிந்தது.
வாசல் தாண்டியதும்
திரும்பாமல்
கதவைச் சாத்த ஒரு கையைப் பின்னால் நீட்டினான்.

நான் நாற்காலியில் இருந்தேன்.